குண்டுவெடிப்புக்குப் பிறகு அரசு கெடுபிடி காட்டினால் என்ன? தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம்?

கேள்வி கேட்டவரின் முதல் பாதியோடு எனக்குச் சண்டையில்லை.

தெற்கு மாசி வீதியில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். மீனாட்சி கோயிலுக்கு அடிக்கடி போகிறவன். செல்போனை வெளியே ஒப்படைத்து டோக்கன் வாங்க வேண்டும், பிறகு மெட்டல் டிடெக்டர், அதற்குப் பிறகு கையைத் தூக்கி நின்று தடவிப் பார்க்க விட வேண்டும். எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் எனக்கு முன்னால் நிற்கிற கோடீஸ்வரருக்கும் அதேதான். பயம் கற்பனையும் இல்லை. 2011 அக்டோபரில் அத்வானியின் ரத யாத்திரை போகவிருந்த பாதையில், திருமங்கலம் பக்கம் ஆலம்பட்டியில் பாலத்துக்கு அடியிலிருந்து பைப் வெடிகுண்டை எடுத்தார்கள். நம்ம ஊர்க்காரர்கள் பஸ்ஸில் போய்வருகிற சாலை அது.

இரண்டாம் பாதிதான் இடிக்கிறது.

எங்கள் கடைக்குத் தைத்துக் கொடுக்கிற பாய் ஒருவர் இருக்கிறார். புதுமண்டபத்தில் மிஷின் போட்டிருந்தவர். கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றியபோது அவரும் மாறினார். சித்திரை வந்தால் அழகர் வேஷம் கட்டுகிறவர்களுக்குச் சல்லடமும் உருமாலும் தைக்க அவருக்குத் தூக்கம் இருக்காது. சில வருடங்களுக்கு முன் டிசம்பர் முதல் வாரம். பாபர் மசூதி இடிக்கப்பட்ட 6-ஆம் தேதி நெருங்கினால் மதுரையில் சோதனை எப்படி இருக்கும் என்று தெரியுமல்லவா? என் வண்டியில் இருவரும் போனோம், பின்னால் அவர் மடியில் ஒரு மூட்டை. தடுப்பில் நிறுத்தினார்கள். என் பெயரைக் கேட்டார் போலீஸ்காரர், சொன்னேன், தலையாட்டினார். "நீங்க?" பாய் சொன்னார். உடனே இறங்கச் சொல்லி, ஆதார் கேட்டு, மூட்டையை ரோட்டிலேயே அவிழ்க்க வைத்தார்கள்.

உள்ளே சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகத் தொம்பை. "என்னய்யா இது?" "தொம்பைங்கய்யா. மேலூர்ப் பக்கம் ஒரு கோயில் சப்பரத்துல தொங்கவிடுறது." போலீஸ்காரர் முகம் போன போக்கைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. சரி சரி, கிளம்புங்க என்றார். வண்டி என்னுடையது, ஓட்டியது நான், மூட்டையும் என் கடைக்கு வந்த ஆர்டர்தான். பெயர் மட்டும்தான் வேறு. மண் ஒட்டிய துணியைத் தட்டி மடித்துக்கொண்டே பாய் சொன்னார்: "விடுங்கண்ணே, அவருக்கு டூட்டி."

அது பத்து நிமிடத்தில் முடிந்த சமாச்சாரம். சட்டம் கையில் இருந்தால் பத்து நிமிடம் மாதக்கணக்காகும். இதற்கும் தூரம் போக வேண்டாம், அதே திருமங்கலம்தான். 2001 டிசம்பரில் நாடாளுமன்றத்தைத் தாக்கினார்கள்; 2002 மார்ச்சில் இரு அவைகளையும் ஒன்றாகக் கூட்டிப் பொடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தை நிறைவேற்றினார்கள். ஜூன் 29 அன்று திருமங்கலம் பொதுக்கூட்டத்தில் வைகோ விடுதலைப் புலிகளை ஆதரித்துப் பேசினார். ஜூலையில் அதே பொடாவில் கைது, ஏறக்குறைய 19 மாதம் சிறை. அவர் கையில் இருந்தது மைக் மட்டும். பொடாவைக் கொண்டுவந்த மத்தியக் கூட்டணியில் அவர் கட்சியும் இருந்தது என்பதுதான் எனக்கு இதில் மறக்காத விஷயம். (அவர் அரசியல் எனக்குப் பிடிக்குமா என்பது வேறு பேச்சு.) வெறும் வாய்மொழி ஆதரவு இந்தச் சட்டப்படி குற்றமாகாது, பயங்கரவாதத்துக்குத் துணைபோகும் நோக்கம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2003 டிசம்பரில் சொன்னது. அதற்குள் ஒன்றரை வருடம் ஓடிவிட்டது.

2004-ல் பொடாவை எடுத்தார்கள். எடுத்த கையோடு அதன் பல பிரிவுகளை ஊபா (UAPA) என்கிற சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்துக்குள் வைத்தார்கள். மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு 2008 டிசம்பரில் அது இன்னும் இறுகியது. சாதாரண வழக்கில் 60 அல்லது 90 நாளில் குற்றப்பத்திரிகை போடாவிட்டால் ஜாமீன் கேட்கலாம். ஊபாவில் 180 நாள் வரை நீட்டிக்கலாம். குற்றப்பத்திரிகை வந்தபிறகும், அதைப் படித்த மாத்திரத்தில் புகார் உண்மை போலத் தெரிந்தால் ஜாமீன் கிடையாது. சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்து உடைப்பதெல்லாம் பிறகுதான். 180 நாள் கடையைப் பூட்டினால் எனக்குக் கடையே இருக்காது. கடைசியில் நிரபராதி என்று சொன்னாலும் வாடகை பாக்கியை யார் கட்டுவது?

பொடாவுக்கு முன்பிருந்த பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான தடாவாவது 1985-ல் வந்தபோது இரண்டு வருடக் கெடுவோடு வந்தது. நீட்டி நீட்டி 1995 வரை இழுத்தார்கள் என்றாலும், நீட்டிக்கும் ஒவ்வொரு முறையும் நாடாளுமன்றத்தில் எழுந்து காரணம் சொல்ல வேண்டியிருந்தது. ஊபாவுக்கு அந்தக் கெடுவும் இல்லை. எனக்கு இதில்தான் ஆட்சேபம், கோயில் வாசல் மெட்டல் டிடெக்டரில் இல்லை.

தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம் என்று கேட்டீர்கள். பாய் இப்போதெல்லாம் டிசம்பர் முதல் வாரம் மூட்டையோடு எங்கேயும் கிளம்புவதில்லை. சத்திரத்துக்கு நானே போய் எடுத்து வருகிறேன்.