டிஜே ஆக விரும்பும் மகனைப் பற்றி மல்லாவியிலிருந்து எழுதிய தாயாருக்கு

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதம் கிடைத்தது. உயர்தரப் பரீட்சைக்குத் தொழினுட்பப் பிரிவில் தோற்றிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் உங்கள் மகன் டிஜே ஆவதென்று முடிவெடுத்திருப்பதையும், கனடாவிலுள்ள அவருடைய மாமா கருவிகள் வாங்கித் தருவதாகச் சொல்லியிருப்பதையும் எழுதி, இதுவும் ஒரு தொழிலா, இதில் இறங்கினால் பிள்ளை கெட்டுப்போய்விடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இது தொழில்தான், அம்மா. ஆனால் வன்னியில் பாட்டுப் போடும் வேலையை மட்டும் நம்பி முதற் சில ஆண்டுகளை ஓட்டுவது கடினம். ஒலியமைப்பு வேலையையும் மின்வேலையையும் சேர்த்துக் கற்று, அவற்றின் துணையோடு டிஜே ஆகும் பிள்ளைக்கு இங்கே இடம் இருக்கிறது.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு, கணினியில் பாட்டுகளை வரிசையாகப் போட்டுவிட்டு நிற்கும் வேலையாகவே இது தெரியும். உண்மையில், ஒரு பாட்டு மண்டபத்தில் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த பாட்டை டிஜே தன் ஹெட்போனில் மட்டும் கேட்டு, இரண்டின் வேகத்தையும் ஒன்றாக்கி, முதற் பாட்டின் பல்லவியோ சரணமோ முடியும் இடத்தில் இரண்டாவதன் தாளம் சரியாக வந்து விழும்படி விட வேண்டும். அந்த நேரத்தில் இரண்டு பாட்டுகளின் பேஸும், அதாவது அடித்தள ஒலியும், ஒன்றன்மேல் ஒன்று ஏறி இரைச்சலாகாதபடி ஒன்றைக் குறைத்து மற்றதை உயர்த்தவும் வேண்டும். மென்பொருள் வேகத்தைத் தானே கணக்கிட்டுக் காட்டும். ஆனால் நிமிடத்துக்கு 70 தட்டு என்று காட்ட வேண்டியதை 140 என்று காட்டுவதும் உண்டு. வாத்தியக் குழுவை ஒன்றாக இருத்தி ஒலிப்பதிவு செய்த பழைய திரைப்பாடல்களில் வேகம் பாட்டின் நடுவிலேயே சற்றுக் கூடிக் குறையும் என்பதால், அங்கே காதைத்தான் நம்ப வேண்டும். எங்கள் பக்கத்துக் கொண்டாட்டங்களில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பைலாவும் குத்துப் பாட்டுகளில் பலவும் தாளம் மும்மூன்றாகப் பிரியும் திஸ்ர நடையில் செல்பவை. இப்போது வரும் நடனப் பாட்டுகளில் பெரும்பாலானவை நந்நான்காகப் பிரியும் சதுஸ்ர நடையில் அமைந்தவை. ஆடுபவரின் கால் இடறாமல் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றுவது பயிற்சியால் மட்டுமே வரும். தம்பி சாதாரண தரத்தில் சங்கீதத்தை ஒரு பாடமாக எடுத்ததுடன் பாடசாலையில் மிருதங்கமும் பழகியவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் படிப்பு இந்தத் தொழிலில் நேரடியாகப் பயன்படும்.

இந்தக் கலையின் முன்னோடிகளில் ஒருவரான கூல் ஹேர்க், 1973ஆம் ஆண்டு ஓகஸ்ட் 11ஆம் திகதி நியூயோர்க்கின் பிரொங்ஸ் பகுதியில் தன் சகோதரி ஒழுங்குசெய்த கொண்டாட்டத்தில் இசைத்தட்டுகளைச் சுழற்றியதிலிருந்தே ஹிப் ஹொப் வரலாற்றைப் பலரும் தொடங்குகிறார்கள். ஜமெய்க்காவில் பிறந்த அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததில் அவருடைய கைத்திறனுக்கு மட்டுமன்றி, அவர் வைத்திருந்த ஒலியமைப்பின் பலத்துக்கும் பங்கு உண்டு. இதைத் தம்பிக்குச் சொல்லுங்கள். ஏனென்றால் நான் அவருக்குச் சொல்லும் முதல் வேலை, மேடையில் ஏறுவதன்று. மல்லாவியிலோ மாங்குளத்திலோ கிளிநொச்சியிலோ சவுண்ட் வாடகைக்குக் கொடுப்பவர் ஒருவரிடம் உதவியாளராகச் சேர்வதே.

அங்கே பொக்ஸ் தூக்க வேண்டிவரும், வயர் சுருட்ட வேண்டிவரும். அதில் குறைவு எதுவும் இல்லை. மண்டபத்தில் பொக்ஸை எங்கே வைத்தால் மைக் கூவும், எங்கே வைத்தால் கூவாது என்பதையும், ஜெனரேட்டரில் லைட்டையும் சவுண்டையும் ஒரே இணைப்பில் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதையும், ஸ்பீக்கரில் ‘ம்ம்’ என்ற இரைச்சல் வந்தால் எந்த வயரை முதலில் பார்ப்பது என்பதையும் எந்தக் காணொளியும் இந்த அளவுக்குக் கற்றுத்தராது. கோயில் திருவிழா, பாடசாலை விளையாட்டுப் போட்டி, கூட்டம், சாமத்தியவீடு என்று எல்லா வகை நிகழ்வுகளுக்கும் போகும்போது, எந்த இடத்தில் எந்தப் பாட்டு பொருந்தும் என்ற அறிவும் தானாக வரும். சாமத்தியவீட்டில் பிள்ளையை மணவறைக்கு அழைத்து வரும் நேரமும், சாப்பாடு பரிமாறும் நேரமும், இளம் பிள்ளைகள் ஆடும் நேரமும் வெவ்வேறு. அம்மம்மாமார் முன்வரிசையில் இருக்கும்போது எந்தப் பாட்டைத் தவிர்க்க வேண்டும் என்று தெரிந்த டிஜேயைத்தான் அடுத்த கொண்டாட்டத்துக்கும் கூப்பிடுவார்கள்.

இனி, மாமா வாங்கித் தரவிருக்கும் கருவிகள் பற்றி. கனடாவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ற்று. இலங்கையில் 230 வோல்ற்று. அங்குள்ள மின்சாரத்துக்கு மட்டும் செய்யப்பட்ட அம்ப்ளிபயரையோ மின்னிணைப்புள்ள ஸ்பீக்கரையோ இங்கே கொண்டுவந்து நேரடியாகச் செருகினால் எரிந்துவிடும். ஆகவே ஸ்பீக்கர் அனுப்ப வேண்டாம் என்று மாமாவிடம் சொல்லுங்கள். பாட்டுகளைக் கலக்க மடிக்கணினியோடு இணைக்கும் கொன்ட்ரோலர்களில், தொடக்கநிலைக்குரிய பல, அதன் யூஎஸ்பி வழியாகவே மின்சாரம் பெறுபவை. அப்படியொரு சிறிய கொன்ட்ரோலரும் காதை நன்றாக மூடும் ஹெட்போன் ஒன்றும் போதும். அவை வரும்வரை, இலவசமாகக் கிடைக்கும் மிக்ஸ் (Mixxx) என்ற மென்பொருளைப் பழைய மடிக்கணினியில் போட்டு விசைப்பலகையால் பழகலாம். ஓர் ஆண்டு கழிந்தும் பயிற்சியை விடாமல் இருந்தால், பெரிய பொருள் வாங்குவதைப் பற்றி அப்போது பேசுவோம். இதற்காக நகையை அடகு வைப்பதோ, நுண்கடன் எடுப்பதோ, காணி உறுதியை எவரிடமும் கொடுப்பதோ கூடவே கூடாது. வாரத் தவணைக்கு வாரம் தவறாமல் வருமானம் வேண்டும். இந்தத் தொழில் அப்படி வருமானம் தருவதில்லை.

எங்கள் ஆண்டின் போக்கைப் பாருங்கள். மார்கழியில் கலியாணம் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளியில் பந்தல் போட்டுச் செய்யும் நிகழ்வுகள் குறைவு. காலபோக நெல் விற்ற பின்னரும், யூலை, ஓகஸ்ட் விடுமுறைக்கு வெளிநாட்டு உறவினர் வந்து நிற்கும்போதும் கொண்டாட்டங்கள் கூடும். மே 18ஐ ஒட்டிய நாட்களிலும் நவம்பரின் கடைசி வாரத்திலும் வன்னியில் எத்தனையோ வீடுகளில் போரில் இறந்தவர்களை நினைத்து விளக்கேற்றி அழுகிறார்கள் என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த நாட்களில் எவ்வளவு பணம் தந்தாலும் ஆட்டப் பாட்டு நிகழ்ச்சி ஏற்பதில்லை என்று தம்பி இப்போதே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். இந்த மண்ணில் தொழில் செய்பவருக்கு அது கடமை. இவ்வாறு வேலையற்றுப் போகும் வாரங்களையும் கணக்கில் எடுத்தே, கைவசம் இன்னொரு தொழில் வேண்டும் என்கிறேன்.

அந்தத் தொழிலாக மின்வேலையைப் பரிந்துரைக்கிறேன். கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனத்திலும், தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்களிலும் என்விகியூ எனப்படும் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழுடன் கூடிய பயிற்சிகள் உள்ளன. மின்னியலில் நான்காம் மட்டம் பெற்றவர் வீட்டு வயரிங் செய்தும் உழைக்கலாம், மேடைக்குப் பாதுகாப்பாக மின்சாரம் கொடுக்கவும் செய்யலாம். மழை ஈரத்தில் திறந்த வெளியில் வயர் இழுக்கும் வேலை என்பதால், அந்த அறிவு அவருடைய உயிரையும் மற்றவர் உயிரையும் காக்கும். பெறுபேறு நன்றாக வந்து பல்கலைக்கழகம் கிடைத்தால் கட்டாயம் போகட்டும். டிஜே வேலையைப் படித்துக்கொண்டே வார இறுதிகளில் செய்யலாம்.

சட்டத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் நிலையத்தில் அனுமதி எடுக்க வேண்டும். 2007இல் உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பின்படி, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரையான நேரத்துக்குப் பொதுவாக அனுமதி கொடுக்கக் கூடாது. விசேட நிகழ்வுகளுக்குக் கொடுப்பதானால் அயலவரின் கருத்தை முதலில் கேட்க வேண்டும். அனுமதிப் பத்திரத்தைக் கண்ணால் பார்க்காமல் தம்பி பொக்ஸை இறக்கக் கூடாது. வீட்டுக்காரர் “இன்னும் ஒரு பாட்டு” என்று கேட்டாலும், நேரம் முடிந்தால் நிறுத்தும் துணிவு வேண்டும்.

அவருடைய காதையும் நினைத்துக்கொள்ளுங்கள். 85 டெசிபெல் ஒலியில் 8 மணி நேரம் வேலை செய்யலாம் என்றும், ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும் என்றும் அமெரிக்கத் தொழிற்சுகாதார நிறுவனமொன்று வரையறுத்திருக்கிறது. அந்தக் கணக்கில் 100 டெசிபெலுக்கு 15 நிமிடம்தான். பெரிய பொக்ஸுக்கு அருகில் அந்த அளவு எளிதில் வந்துவிடும். காதடைப்பான் விலை கூடிய பொருளன்று; பழகும் முதல் நாளிலிருந்தே போடச் சொல்லுங்கள். போன செவிப்புலன் திரும்பாது.

பிள்ளை கெட்டுப்போகுமா என்ற உங்கள் பயத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. கொண்டாட்ட வீடுகளில் குடி இருக்கும். வேலை முடிந்ததும் அன்பாகவே ஊற்றிக் கொடுப்பார்கள். வேலைக்குப் போன இடத்தில் குடிப்பதில்லை என்ற நிபந்தனையை, கோபப்படாமல், தொடக்கத்திலேயே பேசித் தீர்மானியுங்கள். அவர் சேரப்போகும் சவுண்ட்காரரை நீங்களோ அவருடைய அப்பாவோ நேரில் போய்ப் பாருங்கள். எப்படிப்பட்டவர் என்று ஊரில் விசாரியுங்கள். அதைவிட நான் பயப்படுவது இரவுப் பயணத்துக்கு. நித்திரைத் தூக்கத்தோடு ஏ9 வீதியில் மாடுகளுக்கு நடுவேயும், காட்டுப்பாதையில் யானை நிற்கும் இடங்களிலும் மோட்டார் சைக்கிளில் வருவதைவிட, அங்கேயே படுத்து விடிந்தபின் வருவது நல்லது. அவர் வரப் பிந்தினால் ஏச வேண்டாம். ஏசினால் அவசரப்பட்டு இருட்டில் புறப்படுவார்.

பணப் பேச்சில் வாய்வார்த்தை போதாது. திகதி, இடம், தொடங்கும் நேரம், முடியும் நேரம், தொகை, முற்பணம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி இருபக்கமும் கையொப்பமிடப் பழக்குங்கள். உறவினர் வீட்டு நிகழ்வுக்குச் சும்மா செய்யச் சொல்லி உங்களிடம்தான் முதலில் வருவார்கள். இரண்டொன்றைப் பழகுவதற்காகச் செய்யட்டும், அதற்குப் பின் குறைந்த கட்டணமாவது வாங்கட்டும். கையில் பழக்கம் வந்தபின் வவுனியா, யாழ்ப்பாணம் என்று மண்டபங்களைத் தேடிப் போகலாம். கொழும்பில் வேலை செய்யும் எண்ணம் இருந்தால் சிங்களம் பேசவும் சிங்களப் பாட்டுகளை அறிந்திருக்கவும் வேண்டும். அதை இப்போதே தொடங்கலாம்.

பெறுபேறு வந்த வாரத்தில் தம்பியையும் அழைத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வாருங்கள். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சாதாரண தரப் பெறுபேற்றின் பிரதி ஆகியவற்றை மறக்காமல் எடுத்து வந்தால், என்விகியூ பயிற்சிக்கான விண்ணப்பத்தை அன்றே நிரப்பிவிடலாம். அவர் கலந்து செய்த பாட்டுத் தொகுப்பு ஏதும் இருந்தால் போனில் கொண்டு வரச் சொல்லுங்கள். நான் கேட்க விரும்புகிறேன்.