கடல் இல்லாத ஊரின் பெயரில் போர்க்கப்பல்

கேள்வி: மணிப்பூருக்குக் கடற்கரையே கிடையாது. பிறகு ஏன் நம் போர்க்கப்பலுக்கு அதன் தலைநகரான ‘இம்பால்’ என்று பெயரிட்டார்கள்?

பதில்: நம் கடற்படையின் பெரிய நாசகாரிக் கப்பல்களுக்கு நகரங்களின் பெயரைச் சூட்டுவது வழக்கம், அந்த நகரம் கடலோரத்தில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, டெல்லி, மைசூர் என்ற பெயர்களிலும் கப்பல்கள் உண்டு. இம்பாலின் உரிமை இன்னும் ஆழமானது. 1944 மார்ச் முதல் ஜூலை வரை அந்நகரைச் சுற்றி நடந்த கடும் போரில், பிரிட்டிஷ் இந்தியப் படையில் ஒரு பக்கமும், ஜப்பானியரோடு சேர்ந்து போரிட்ட நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் மறுபக்கமுமாக, இந்தியர்கள் எதிரெதிரே நின்று உயிர்விட்டார்கள். மலேயாத் தோட்டங்களிலிருந்து அந்த ராணுவத்தில் சேர்ந்த தமிழர்கள் ஏராளம் என்பதால், அந்தப் பெயர் நமக்கும் நெருக்கமானதே. இம்பாலுக்குத் தெற்கே உள்ள மொய்ராங்கில் 1944 ஏப்ரல் 14 அன்று இந்திய தேசிய ராணுவத்தினர் கொடியேற்றினார்கள்.

மும்பை மசகான் கப்பல் கட்டும் தளத்தில் கட்டப்பட்ட 163 மீட்டர் நீளமுள்ள இக்கப்பல், 2023 டிசம்பர் 26 அன்று படையில் சேர்ந்தது. வடகிழக்கு நகரமொன்றின் பெயரைத் தாங்கிய முதல் போர்க்கப்பல் இதுவே. இந்த மரியாதை தாமதமாகத்தான் வந்தது என்பது என் எண்ணம். கப்பலின் சின்னத்தில் இடப்புறம் இம்பாலில் உள்ள காங்லா அரண்மனையும், வலப்புறம் டிராகன் தலையும் சிங்க உடலும் கொண்ட, மணிப்பூரின் மாநிலச் சின்னமான ‘காங்லா சா’வும் இடம்பெற்றுள்ளன.