டெகோராவில் பொழுது எப்படிப் போகும்?

அன்புள்ள தங்கைக்கு வணக்கம்.

கணவரின் வேலையை முன்னிட்டு இரண்டு பிள்ளைகளுடன் இந்த மே மாதம் அயோவா மாநிலத்தின் டெகோராவுக்கு வந்து சேர்ந்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். கடற்கரையும் கோயிலும் திரையரங்கும் கூப்பிடு தூரத்தில் இருந்த சென்னையை விட்டு வந்தவர்களுக்கு, நாலாபுறமும் மக்காச்சோள வயலும் மாட்டுக் கொட்டகையுமாகத் தெரியும் இந்த வின்னஷீக் கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம்போல்) விடுமுறை நாள்கள் எப்படிக் கழியும் என்று கேட்டிருந்தீர்கள். இதே ஊரில் 17 ஆண்டுகளாகக் குடியிருந்து பிள்ளைகளை வளர்த்தவள் என்ற முறையில் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

முதலில் நாங்கள் செய்த தவற்றைச் சொல்லிவிடுகிறேன். வந்த புதிதில் சனிக்கிழமை விடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு மினசோட்டாவின் ராச்செஸ்டருக்கோ, இன்னும் தள்ளி மினியாபொலிஸுக்கோ ஓடிவிடுவோம். மளிகை வாங்கி, கோயிலில் கும்பிட்டு, யார் வீட்டிலாவது சாப்பிட்டு, ஞாயிறு இரவு திரும்புவோம். இரண்டு ஆண்டுகள் இப்படியே போயின. டெகோரா எங்களுக்குத் தூங்கி எழும் இடமாக மட்டும் இருந்தது. ஏறத்தாழ 20,000 பேரே வாழும் இந்தக் கவுண்டியில் விழாவும் விளையாட்டும் பெரும்பாலும் ஊர்க்காரர்களின் கையுழைப்பால் நடக்கின்றன என்பதும், அந்த வேலையில் ஒரு பங்கைக் கேட்டு வாங்கிக்கொண்டால்தான் அவற்றின் சுவை தெரியும் என்பதும் மூன்றாம் ஆண்டில்தான் எங்களுக்குப் புரிந்தன. நீங்கள் அந்த இரண்டு ஆண்டுகளை இழக்க வேண்டாம் என்பதற்காகத்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

மே மாதத்தில் வந்திருப்பது நல்லதாயிற்று. ஊரை ஒட்டியுள்ள மாநில அரசின் டிரவுட் மீன் பண்ணைக்கு இந்த வாரமே பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். சில்லறைக் காசு போட்டால் ஒரு கை மீன் தீவனம் கொட்டும் எந்திரம் அங்கே இருக்கிறது. தீவனத்தை எறிந்த கணத்தில் தண்ணீர் கொதிப்பதுபோல் மீன்கள் துள்ளி மேலே வரும். 2011இல் இணையக் கேமரா வழியே உலகமெங்கும் மக்கள் இமை கொட்டாமல் பார்த்த வெண்தலைக் கழுகுக் கூடு இந்தப் பண்ணைக்கு அருகில்தான் இருந்தது. இங்குள்ள கழுகுகள் பிப்ரவரி இறுதியை ஒட்டி முட்டையிடும்; ஏப்ரல் தொடக்கத்திற்குள் குஞ்சு பொரிக்கும்; ஜூனில் குஞ்சுகள் பறக்கத் தொடங்கும். ஆகவே, கூட்டின் விளிம்பில் நின்று சிறகடித்துப் பழகும் குஞ்சுகளைப் பார்க்க இதுவே ஏற்ற காலம். பண்ணையைத் தொட்டுச் செல்லும் டிரவுட் ரன் என்னும் தார்ப்பாதை 11 மைல் நீளத்தில் ஊரைச் சுற்றி வருகிறது. முழுவதையும் சைக்கிளில் சுற்ற ஆசைப்பட்டால் ஒரு பக்கம் ஏற்றம் கடுமையாக இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

அதற்கு அடுத்தது பனிக்குகை. குளிர்காலம் முழுவதும் குகைக்குள் இறங்கும் கடுங்குளிர்க் காற்று பாறைச் சுவரை ஆழம் வரை குளிரச் செய்துவிடுகிறது. வசந்தத்தில் மேலே உருகும் நீர் கசிந்து அந்தச் சுவரைத் தொட்டதும் உறைகிறது. அதனால் வெளியே பனி முழுவதும் கரைந்த பிறகுதான் உள்ளே பனி தடிக்கும். கோடையின் பெரும்பகுதி வரை அது நிற்கும். என் தந்தையார் ஊரிலிருந்து வந்திருந்தபோது ஒரு ஜூன் மாதத்து நண்பகலில் அங்கே அழைத்துச் சென்றோம். வியர்வையைத் துடைத்துக்கொண்டே படியேறியவர், வாயிலில் இரண்டடி வைத்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் காதைச் சுற்றிக் கட்டிக்கொண்டார். பிறகு டார்ச் வெளிச்சத்தில் சுவரின் பனியை உள்ளங்கையால் தடவி, அந்தக் கையை என் மகளின் கன்னத்தில் வைத்தார். தரை வழுக்கும், பிடிப்புள்ள காலணி இல்லாமல் போக வேண்டாம். அங்கிருந்து சிறிது தூரத்தில் டன்னிங்ஸ் ஸ்பிரிங் என்னும் ஊற்று 200 அடி உயரத்திலிருந்து படிப்படியாக அருவியாக இறங்குகிறது. நம் குற்றாலத்தைப்போல் அடியில் நின்று குளிக்கும் அருவி அன்று. அருகில் நின்று சாரல் வாங்கலாம்.

அமெரிக்காவின் மத்திய மேற்கு என்றால் தட்டை நிலம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். கடைசிப் பனியூழியில் பனிப்பாளங்கள் இப்பகுதியின் மீது நகர்ந்து அதைச் சமப்படுத்தவில்லை. அதனால்தான் இங்கே குன்றும் சுண்ணாம்புப் பாறையும் ஊற்றும் நிறைந்திருக்கின்றன. அப்பர் அயோவா ஆற்றில் துடுப்புப் படகில் போனால் இருபுறமும் செங்குத்தான பாறைச் சுவர்களைக் காணலாம். படகும் மிதவை டியூபும் வாடகைக்குக் கிடைக்கும். உயிர்காப்பு அங்கியைப் பிள்ளைகள் கழற்ற விடாதீர்கள். பெருமழைக்கு மறுநாள் ஆற்றில் இறங்கவே வேண்டாம். புல்வெளியில் நடந்து திரும்பிய ஒவ்வொரு முறையும் உடம்பில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள், லைம் நோய் இங்கே உண்மையான அச்சம். மீன் பிடிக்க 16 வயது நிரம்பியவர்களுக்கு உரிமம் வேண்டும். டிரவுட் மீனுக்குத் தனிக் கட்டணமும் உண்டு.

ஜூலை மாதம் கவுண்டி கண்காட்சியோடு வருகிறது. ராட்டினமும் டிராக்டர் இழுக்கும் போட்டியும் இருக்கும். ஆனால் நீங்கள் போக வேண்டிய இடம் கால்நடைக் கொட்டகை. 4-எச் என்னும் சிறார் அமைப்பைச் சேர்ந்த பிள்ளைகள் தாங்களே வளர்த்த கன்றையும் பன்றியையும் ஆட்டையும் குளிப்பாட்டிச் சீவிக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். நடுவர் ஒவ்வொரு பிள்ளையிடமும் தீவனம் என்ன, எடை என்ன என்று கேட்டுவிட்டு, இந்தக் கன்றுக்கு ஏன் முதலிடம், அந்தக் கன்றுக்கு ஏன் மூன்றாமிடம் என்று எல்லோர் முன்னிலையிலும் காரணம் சொல்வார். தன் கிடாரியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு வைக்கோலில் தூங்கிப்போன ஒரு பத்து வயதுச் சிறுவனை அங்கே பார்த்தபோது, மாட்டுப் பொங்கலன்று எங்கள் வீட்டுத் தொழுவில் நான் உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்து கண் கலங்கியது. 4-எச்சில் சேரப் பண்ணை வைத்திருக்க வேண்டும் என்பதில்லை. சமையல், தையல், புகைப்படம், தோட்டம் ஆகியவற்றுக்கும் அதில் இடமுண்டு. உங்கள் பிள்ளைகளை இந்த ஆண்டே சேர்த்துவிடுங்கள்.

கண்காட்சி முடிந்த சூட்டோடு, ஜூலையின் கடைசி முழு வார இறுதியில் நார்டிக் ஃபெஸ்ட் வரும். 1850களிலிருந்து இங்கே பெருமளவில் குடியேறிய நார்வேக்காரர்களின் வழிவந்தவர்கள் 1967இல் தொடங்கிய விழா அது. பாரம்பரிய உடையில் சிறுவர் சிறுமியர் நாட்டுப்புற நடனம் ஆடுவார்கள். பெரிய கல்லைத் தூக்கி எறியும் போட்டி நடக்கும். காய்ந்த காட் மீனைக் காரநீரில் ஊறவைத்துச் செய்யும் லூட்டஃபிஸ்க்கை யார் விரைவாகத் தின்பது என்று போட்டி போடுவார்கள். நீங்கள் சைவம் என்று எழுதியிருந்தீர்கள். உங்களுக்கு லெஃப்ஸா இருக்கிறது. உருளைக்கிழங்கை வேகவைத்து மசித்து, வெண்ணெயும் பாலேடும் மாவும் சேர்த்துப் பிசைந்து, வரி வரியாகப் பள்ளம் வெட்டிய உருட்டுக்கட்டையால் மறுபுறம் தெரியும் அளவுக்கு மெல்லியதாகத் தேய்த்து, பெரிய வட்டக் கல்லில் சுட்டெடுப்பார்கள். நீண்ட தட்டைக் குச்சியை அடியில் நுழைத்துக் கிழியாமல் திருப்புவதில்தான் வித்தை இருக்கிறது.

அந்த மூன்றாம் ஆண்டில், தேவாலயத்துப் பெண்கள் லெஃப்ஸா தேய்த்துக்கொண்டிருந்த மேசை அருகே வெகுநேரம் நின்றுகொண்டிருந்தேன். எண்பது வயதுக்கு மேற்பட்ட ஒரு மூதாட்டி என் கையில் கட்டையைக் கொடுத்து, முயன்று பார் என்றார். சப்பாத்தி தேய்த்துப் பழகிய கை அல்லவா. மாவு வட்டமாக விரிந்தது. அவர் என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, யார் உனக்குக் கற்றுக் கொடுத்தார்கள் என்று கேட்டார். என் அம்மா என்றேன். மறுநாள் காலை ஏழு மணிக்கு வந்துவிடு என்றார். அன்றிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் போகிறேன். இந்த ஊரில் எனக்கு வாய்த்த தோழியர், என் பிள்ளைகளின் பிரசவத்துக்குப் பத்தியமாகக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவர்கள், எல்லோரும் அந்த மேசையிலிருந்து வந்தவர்களே.

விழா நாளின் கூட்டத்தில் வெஸ்டர்ஹைம் அருங்காட்சியகத்தைச் சரியாகப் பார்க்க முடியாது. வேறொரு நாள் தனியாகப் போங்கள். இவ்வூரின் லூத்தர் கல்லூரியில் 1877இல் தொடங்கிய சேகரிப்பு இன்று கடல் கடந்து வந்த நார்வேக்காரர்களின் பெட்டி, தறி, கட்டில், வழிபாட்டு நூல், முழு மரவீடுகள் என்று பெருகியிருக்கிறது. வெஸ்டர்ஹைம் என்றால் மேற்கிலுள்ள வீடு. பிறந்த வீட்டை விட்டு வந்தவர்கள் அமெரிக்காவை அப்படித்தான் அழைத்தார்கள். பெயரும் ஊரும் ஆண்டும் பூவேலையுடன் தீட்டப்பட்ட அந்த மரப்பெட்டிகளின் முன் நிற்கும்போது, நாம் கொண்டுவந்த 23 கிலோ பெட்டிகள் நினைவுக்கு வராமல் இருக்காது. அந்த ரோஸ்மாலிங் என்னும் பூவேலையையும் மரச் செதுக்கலையும் நெசவையும் அருங்காட்சியகமே வகுப்பு நடத்திக் கற்றுத்தருகிறது. கோலம் போட்ட கைக்கு ரோஸ்மாலிங் சுழிகள் விரைவில் வசப்படும்.

உங்களுக்குக் கருநாடக இசையில் பயிற்சி உண்டு என்றீர்கள். ஆகவே இருபது நிமிடத் தொலைவிலுள்ள ஸ்பில்வில்லுக்கு அவசியம் போய்வாருங்கள். ஏறத்தாழ 400 பேர் வாழும், செக் மக்கள் குடியேறிய சிற்றூர் அது. நியூயார்க்கில் இசைப்பள்ளி இயக்குநராக இருந்த செக் இசையமைப்பாளர் துவோர்ஷாக், 1893ஆம் ஆண்டின் கோடையை மனைவி மக்களோடு இங்கே வந்து கழித்தார். வந்த சில நாள்களிலேயே தமது புகழ்பெற்ற ஒரு நால்வர் தந்தி இசைப் படைப்பை எழுதத் தொடங்கி, சுமார் இரண்டு வாரத்தில் முடித்துவிட்டார். புனித வென்சஸ்லாஸ் தேவாலயத்தின் காலை வழிபாட்டில் ஆர்கன் வாசித்தார். தெருவிலும் கடையிலும் தாய்மொழி காதில் விழும் ஓர் ஊரில் அவருக்கு இசை பெருகியதில் வியப்பில்லை. அவர் தங்கியிருந்த கட்டடத்தில் இன்று பீலி சகோதரர்களின் கடிகார அருங்காட்சியகம் இருக்கிறது. திருமணம் செய்துகொள்ளாத அந்த இரண்டு விவசாயிகள், வயலில் வேலை இல்லாத குளிர்காலங்களில் மரத்தைச் செதுக்கிச் செதுக்கி, ஆளுயரத்துக்கும் மேலான கடிகாரங்களைச் செய்தார்கள், ஒன்றைக்கூட விற்கவில்லை.

ஊருக்கு வடக்கே 890 ஏக்கரில் உள்ள சீட் சேவர்ஸ் பண்ணையைப் பற்றித் தனியாக ஒரு கடிதமே எழுதலாம். 1975இல் ஒரு தம்பதியர், தாத்தா தந்த ஒரு பூக்கொடியின் விதையையும் ஒரு தக்காளி விதையையும் கொண்டு தொடங்கிய முயற்சி, இன்று 20,000க்கும் மேற்பட்ட மரபு வகைகளைக் காக்கிறது. கோடையில் தோட்டத்தைச் சுற்றிப் பார்க்கலாம், விதையும் வாங்கலாம். ஊரிலிருந்து அவரை, புடலை விதைகளைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவரலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாவர நலச் சான்று இன்றிக் கொண்டுவருவது சட்டப்படி குற்றம், விமான நிலையத்திலேயே பறித்துக்கொள்வார்கள். ஒரு முறை அதை அனுபவித்த பிறகு, இங்குள்ள தோட்டக்காரர்களிடம் கேட்டு வாங்கிய விதையில்தான் கத்தரியும் மிளகாயும் வளர்க்கிறேன்.

ஒன்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். இந்தக் கவுண்டியின் பெயரும் டெகோரா என்ற பெயரும் அமெரிக்கப் பழங்குடியினரான ஹோ-சங்க் மக்களின் தலைவர்களுடையவை. அம்மக்களை 1840களில் இங்கே கொண்டுவந்து வைத்து, 1848இல் இங்கிருந்தும் அகற்றினார்கள். அவர்களைக் கண்காணிக்கக் கட்டிய அட்கின்சன் கோட்டை இதே கவுண்டியில்தான் இருக்கிறது. செப்டம்பர் இறுதியில் அங்கே பழங்கால உடையும் துப்பாக்கியுமாக ஒரு விழா நடக்கும். அந்த விழாவின் மகிழ்ச்சியோடு இந்த வரலாற்றையும் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

குளிர்காலத்தைப் பற்றிப் பயப்படாதீர்கள். டிசம்பர் தொடக்கத்தில் லூத்தர் கல்லூரியின் கிறிஸ்துமஸ் இசை நிகழ்ச்சி நடக்கும். நுழைவுச்சீட்டை முன்கூட்டியே வாங்குங்கள். பிறகு சிறு பிள்ளைகளுக்கான பார்னெலோபெட் என்னும் பனிச்சறுக்கு ஓட்டம் வரும். முதலிடம் இரண்டாமிடம் என்ற கணக்கில்லாமல் ஓடி முடித்த பிள்ளைகள் எல்லோருக்கும் பதக்கம் உண்டு. கோயில் வேண்டுமென்றால் ராச்செஸ்டரில் ஒன்று இருக்கிறது, ஒன்றேகால் மணி நேரப் பயணம். மினியாபொலிஸை அடுத்த மேப்பிள் குரோவில் உள்ள பெரிய கோயிலுக்குப் பொங்கல், நவராத்திரி என்று ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை போனால் போதும் என்று எங்களுக்குப் பழகிவிட்டது.

பக்கத்துக் கவுண்டியான ஹோவர்டில் நார்மன் போர்லாக் வளர்ந்த பண்ணை இருக்கிறது. கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதனோடு சேர்ந்து இந்தியாவின் கோதுமை விளைச்சலை உயர்த்தியவர், 1970இல் நோபல் அமைதிப் பரிசு பெற்றவர், அந்தச் சின்ன வீட்டில் வளர்ந்தார். போர்லாக் உருவாக்கிய உலக உணவுப் பரிசை 1987இல் முதன்முதலாகப் பெற்றவர் சுவாமிநாதனே. அந்த வீட்டு வாசலில் நின்று இதைச் சொன்னபோது என் மகன், அப்படியென்றால் நமக்கும் இந்த ஊருக்கும் முன்பே உறவு இருந்திருக்கிறது என்றான்.

நார்டிக் ஃபெஸ்ட் ஊர்வலம் சனிக்கிழமை காலையில் வாட்டர் தெரு வழியே வரும். ஓரத்தில் நாற்காலிகளை முன்கூட்டியே போட்டு இடம் பிடித்துவிடுங்கள்; யாரும் எடுக்க மாட்டார்கள். வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு லெஃப்ஸா மேசைக்கு வாருங்கள். கட்டையும் மேலங்கியும் உங்களுக்காக ஒரு சோடி எடுத்து வைக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் அக்கா