வாசகர் கேள்விகள்: கர்தினால் பெல் இறந்தபோது

வாசகர், பாளையங்கோட்டை: ஆஸ்திரேலியாவின் கர்தினால் ஜார்ஜ் பெல் இறந்தபோது பேராலயத்துக்கு வெளியே கோஷம் போட்டார்களாமே? நீதிமன்றமே விடுதலை செய்த ஒருவரை, செத்த பிறகும் இப்படிப் பேசலாமா?

பதில்: விடுதலை விஷயத்தில் குழப்பமே வேண்டாம். மெல்பர்ன் பேராலயத்தில் பாடகர் குழுச் சிறுவர்கள் இருவரிடம் தகாத முறையில் நடந்தார் என்ற வழக்கில் 2018-ல் ஜூரி அவரைக் குற்றவாளி என்றது, ஆறு ஆண்டுத் தண்டனை வந்தது, 400 நாளுக்கு மேல் சிறையில் இருந்தார், 2020 ஏப்ரலில் அந்நாட்டின் உச்ச அமைப்பான ஹைகோர்ட்டின் ஏழு நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பை ரத்து செய்தார்கள். அதற்குப் பிறகும் அந்த வழக்கை வைத்து அவரைக் குற்றவாளி என்று எழுதுவது அநியாயம்.

சரி, அப்புறம் ஏன் இவ்வளவு கோபம்? அதற்கு அவருடைய சொந்த ஊரான பல்லாரட்டுக்குப் போக வேண்டும். 1970-களில் பெல் அந்த மறைமாவட்டத்தில் குருவாக (பாதிரியாராக) இருந்தபோது, ஜெரால்டு ரிட்ஸ்டேல் என்ற இன்னொரு குரு ஊர் ஊராகப் பங்கு ஆலயங்களுக்கு மாற்றப்பட்டு, போன இடமெல்லாம் குழந்தைகளைச் சீரழித்துக்கொண்டிருந்தார். 1993-ல் அதே ரிட்ஸ்டேல் நீதிமன்றத்துக்கு வந்தபோது கூடவே நடந்து வந்தவர் பெல். 2016-ல், உடல்நிலை காரணமாக ஊருக்கு வர முடியாது என்று ரோமில் ஒரு ஹோட்டலிலிருந்து வீடியோ வழியாக, குழந்தைகள் மீதான பாலியல் கொடுமைகளை விசாரித்த ஆஸ்திரேலிய அரசின் ஆணையத்துக்குச் சாட்சி சொன்னார். பாதிக்கப்பட்டவர்கள் சிலர் பொதுமக்கள் கொடுத்த பணத்தில் ரோமுக்கே போய், அவர் பேசுவதை அங்கேயே உட்கார்ந்து கேட்டார்கள். ரிட்ஸ்டேல் பற்றிக் கேட்டதற்கு, அது ஒரு சோகமான கதை, தனக்கு அதில் பெரிய அக்கறை இருக்கவில்லை என்றார் பெல். அந்தப் பதிலை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனசு ஆறுவதில்லை. குருமார்கள் குழந்தைகளிடம் இப்படி நடப்பது 1973-லேயே பெல்லுக்குத் தெரிந்திருந்தது என்று ஆணையம் முடிவு செய்தது, 2020 மே மாதம் அது வெளியானது. ஆதாரமில்லாத முடிவு என்று அவர் மறுத்தார்.

ஆக, 2023 பிப்ரவரி 2 அன்று சிட்னி புனித மரியாள் பேராலயத்தில் அடக்கத் திருப்பலி நடந்தபோது வேலியில் வண்ண ரிப்பன்கள் கட்டியவர்களுக்கு அந்த ஒரு வழக்கு மட்டும் பிரச்சினை இல்லை. பாதிக்கப்பட்ட பிள்ளைகளின் நினைவாக ரிப்பன் கட்டும் வழக்கம் பல்லாரட்டில் 2015-லேயே தொடங்கிவிட்டது. நரகத்துக்குப் போ என்று சிலர் கத்தினார்கள், அது எனக்குப் பிடிக்கவில்லை, உள்ளே அழுதுகொண்டிருந்தவர்களும் மனிதர்கள்தான். ஆனால் உள்ளே முன்னாள் பிரதமர் டோனி அபோட் அவரை நம் காலத்துப் புனிதர் என்று புகழ்ந்தார். ஒரு தரப்பு அன்றைக்கே புனிதர் பட்டம் கொடுக்கலாம், மற்றவர்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்றால் எப்படி?

வாசகி, திருச்சி: மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலம் பெல்லின் அடக்கத்துக்கு அரசு மரியாதை தர மறுத்தது அரசியல்தானே?

பதில்: அப்படித் தெரியவில்லை. பாதிக்கப்பட்ட ஒவ்வொருவரையும் அது நோகடிக்கும் என்று அப்போதைய முதல்வர் டேனியல் ஆண்ட்ரூஸ் காரணத்தை வெளிப்படையாகச் சொன்னார். எனக்கு அது போதும். திருச்சபை அவரைத் தன் மரியாதைப்படி அடக்கம் செய்வதை யாரும் தடுக்கவில்லையே.

வாசகர், வேளாங்கண்ணி: அவர் நல்லது எதுவுமே செய்யவில்லையா?

பதில்: செய்தார். 2014-ல் திருத்தந்தை பிரான்சிஸ் வத்திக்கான் நிதித்துறையை ஒப்படைத்தபோது, கணக்கில் வராமல் கிடந்த கோடிக்கணக்கான யூரோக்களை வெளியே கொண்டுவந்தார், அதற்கு அங்கே துணிச்சல் வேண்டும். 1996-ல் மெல்பர்ன் பேராயராக வந்த கையோடு பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீட்டுத் திட்டமும் தொடங்கினார், வேறு பல ஆயர்கள் அசையாமல் இருந்த காலம் அது. ஆனால் ஒருவருக்கு அதிகபட்சம் 50,000 டாலர் என்று உச்சவரம்பு வைத்தார்கள். அந்தத் தொகைக்கு மேல் கேட்க முடியாமல் நின்ற குடும்பங்களிடம் இந்த நல்லதைச் சொல்ல எனக்கு வாய் வராது.