அந்தக் கதவைத் திறந்து வையுங்கள்

கேள்வி: நான் கும்பகோணத்தில் பிறந்து, மணமாகித் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்தவள். சாட்ஸ்வொர்த்தில் மாமியாரோடு வசிக்கிறோம். டிசம்பரில் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை. மகளுக்கு 14 வயது, மகனுக்கு 11. இருவருக்கும் தமிழ் ஓரளவு படிக்க வரும். பொன்னியின் செல்வன் ஐந்து பாகங்களையும் ஊரிலிருந்து வரவழைத்துவிட்டேன். கதை மட்டும் போதுமா, வரலாற்று நூல்களும் வேண்டுமா? வீட்டில் படிக்க அமைதியான சூழல் இருக்கிறது. மாமியார்தான் பிற்பகலில் ஏதாவது தமிழ்ப் புத்தகத்தை உரக்கப் படிப்பார். அவருடைய தமிழ் பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளக் கூடாதென்று அறைக் கதவைச் சாத்திவிடுவேன்.

பதில்: வயதான ஒருவரை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு அதற்கு அமைதி என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். என்ன காரியம் அம்மா இது? பிள்ளைகளுக்குத் தமிழ் வேண்டும் என்று கடல் கடந்து புத்தகம் வரவழைக்கிறீர்கள். அடுத்த அறையில் தமிழ் படிக்கும் குரல் மட்டும் ஆகவில்லையா?

1860 நவம்பரில் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து டர்பன் துறைமுகத்துக்கு வந்தது. அதிலிருந்து 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக டர்பன் அடங்கிய நேட்டால் பகுதிக்கு வந்த இந்தியர்கள் 1,52,000 பேருக்கும் மேல். அவர்களில் தமிழர் ஏராளம். கரும்பு வெட்டிக் களைத்துத் திரும்பிய இரவுகளில் அவர்கள் பிள்ளைகளோடு பேசிப் பேசி விட்டுச்சென்ற தமிழ்தான் உங்கள் மாமியாருடையது. கும்பகோணத்தில் உங்களுக்குத் தமிழ் தண்ணீர்போலக் கிடைத்தது. இங்கே அதைக் கட்டிக் காத்தார்கள்.

கதை, வரலாறு இரண்டும் வேண்டும். மகளுக்குக் காந்தி எழுதிய தென்னாப்பிரிக்க சத்தியாக்கிரக வரலாற்றைக் கொடுங்கள். அதில் தில்லையாடி வள்ளியம்மை வருகிறாள். சிறையிலிருந்து காய்ச்சலோடு வந்து படுத்துக் கிடப்பவளிடம், சிறை சென்றதற்கு வருந்துகிறாயா என்று காந்தி கேட்கிறார். இப்போது கைது செய்தாலும் போவேன் என்கிறாள். 1914 பிப்ரவரியில் இறந்தபோது அவளுக்கு 16 வயது. உங்கள் மகளைவிட இரண்டே வயது மூத்தவள். இந்த நாட்டிலேயே பிறந்தவள். அவளும் இந்த நாட்டுத் தமிழைத்தான் பேசியிருப்பாள்.

பொன்னியின் செல்வனை 11 வயதுப் பையன் கையில் கொடுத்து, போய்ப் படி என்றால் பத்துப் பக்கம் தாண்ட மாட்டான். அது வாரப் பத்திரிகையில் தொடராக வந்த கதை. ஒவ்வோர் அத்தியாயமும் வாய்விட்டுப் படிக்கத் தோதானது. ஆடிப் பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருவதில் தொடங்குகிறது. ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் ஊரில் வளர்கிற பிள்ளைக்கு ஆடி என்றால் தெரியும். அந்தக் கூழையும் அந்த ஏரியையும் சேர்த்துச் சொல்லப் பாட்டியால்தான் முடியும்.

விடுமுறை தொடங்கும் நாளில் முதல் பாகத்தை மாமியார் கையில் கொடுங்கள். கூடத்தில் வெளிச்சமான இடத்தில் அவருக்கு நாற்காலி போடுங்கள். பிள்ளைகளோடு நீங்களும் உட்காருங்கள். ஒரு சொல்லை அவர் கும்பகோணத்தில் சொல்வதுபோல் சொல்லவில்லையென்றால் திருத்தாதீர்கள்.