பெட்டியில் 16 டிபி, உள்ளே எவ்வளவு?: வாங்குவோர் கேள்வி-பதில்

ஆன்லைனில் ‘16 டிபி எஸ்எஸ்டி’ என்று 1,899 ரூபாய்க்கு வாங்கினோம். கம்ப்யூட்டரும் 16 டிபி பக்கம்தான் காட்டுகிறது. பையனின் காதுகுத்து வீடியோக்களைப் போட்டு வைத்தோம். பெயர் எல்லாம் இருக்கிறது, பாதி திறக்கவில்லை. வைரஸா சார்? (வாசகி, விருதுநகர்)

வைரஸ் இல்லையம்மா, மோசடி. அந்த டப்பாவைத் திறந்தால் பெரும்பாலும் ஒரு சின்ன போர்டும், அதில் செருகிய 32 அல்லது 64 ஜிபி மெமரி கார்டும்தான் இருக்கும். கையில் எடுத்தால் கனம் தெரிய வேண்டும் என்று இரும்புத் துண்டை ஒட்டி அனுப்புகிறவர்களும் உண்டு. போர்டை இயக்கும் சிப்பான கன்ட்ரோலரின் ஃபர்ம்வேரை (அதற்குள் இருக்கும் மென்பொருளை) மாற்றி, 16 டிபி இருப்பதாகக் கம்ப்யூட்டரிடம் பொய் சொல்ல வைத்திருக்கிறார்கள். ஃபார்மட் செய்தாலும் அதே பொய்தான் வரும். உண்மையான இடம் தீர்ந்ததும் வருகிற டேட்டாவைக் கீழே போட்டுவிடும், அல்லது ஏற்கெனவே இருப்பதன் மேலேயே எழுதும். கோப்புகளின் பட்டியல் டிஸ்க்கின் தொடக்கத்தில் இருப்பதால் பெயரும் அளவும் சரியாகத் தெரியும். உள்ளே சரக்கு இருக்காது.

இனி அதில் எதையும் எழுதாதீர்கள், அழிக்கவும் வேண்டாம். திறக்கிற வீடியோக்களை முதலில் வேறு டிஸ்க்குக்கு நகலெடுங்கள். மீதிக்கு, படம் பிடித்த ஸ்டுடியோக்காரரிடம் இன்றே கேளுங்கள்; மூலக் கோப்பு அவரிடம் இன்னும் அழியாமல் இருக்கலாம். மீட்கக்கூடியதை எல்லாம் மீட்ட பிறகு சாட்சி சேகரிப்பு. எச்2டெஸ்ட்-டபிள்யூ என்ற இலவச விண்டோஸ் மென்பொருளில் அந்த டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து, முழு இடத்துக்கும் பதிலாக 2,00,000 எம்பி மட்டும் என்று கொடுத்து, எழுதிச் சரிபார்க்கச் சொல்லுங்கள். சில மணி நேரம் ஓடும். முடிவில் எவ்வளவு சரி, எவ்வளவு தொலைந்தது என்று சிவப்பில் வரும் அறிக்கையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3 இதே வேலையைச் செய்யும். அவசரத்துக்கு வேலிடிரைவ், டிஸ்க் முழுக்க அங்கங்கே தொட்டுப் பார்த்துச் சில நிமிடங்களில் குட்டை உடைத்துவிடும்.

படத்தோடு விற்பனைத் தளத்தின் குறைதீர்க்கும் அலுவலருக்கு எழுதுங்கள். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். ரிட்டர்ன் நாள் முடிந்துவிட்டது என்று சொன்னால் விட்டுவிடாதீர்கள். போலிச் சரக்குக்கு அது பதில் ஆகாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசிப் புகார் எண் வாங்குங்கள்.

1 டிபி டிஸ்க் வாங்கினால் 931 ஜிபிதான் காட்டுகிறது. மீதி 69 எங்கே? (ஈரோடு)

எங்கும் போகவில்லை. கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது.

2013இல் வாங்கிய லேப்டாப். வேகம் வேண்டுமென்று 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி வாங்கிவிட்டேன். செருக இடமே இல்லை. கடைக்காரர் திரும்ப எடுக்க மறுக்கிறார். (மதுரை)

ஏன் எடுக்க வேண்டும்? அவர் கொடுத்தது நீங்கள் கேட்ட பொருள்தானே. என்விஎம்இ என்பது புது வகை வேக இணைப்பு, பழைய லேப்டாப்பில் அதற்கான துளை இருக்காது. லேப்டாப்பின் மாடல் எண்ணை வைத்துத் தேடினால் உள்ளே என்ன செருகலாம் என்பது பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். உங்களுடையதில் பழைய ஹார்ட் டிஸ்க் இருக்கும் இடத்தில் 2.5 அங்குல சாட்டா (ஹார்ட் டிஸ்க்கின் அதே பழைய இணைப்பு) எஸ்எஸ்டிதான் உட்காரும். வேகம் நொடிக்கு 550 எம்பி அளவில் நின்றுவிடும். ஆனாலும் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து மாறுகிறவருக்கு அதுவே வேறு கம்ப்யூட்டர்.

எம்.2 துளை (மெல்லிய பட்டை போன்ற எஸ்எஸ்டியைச் செருகும் இடம்) இருக்கிற லேப்டாப்காரர்களும் அவசரப்பட வேண்டாம். வடிவம் ஒன்றாக இருந்தாலும் சாட்டா எம்.2, என்விஎம்இ எம்.2 இரண்டும் வேறு. சில துளைகள் ஒன்றை மட்டுமே ஏற்கும். கார்டின் தங்கப் பல் வரிசையில் இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா, ஒன்று என்றால் பெரும்பாலும் என்விஎம்இ. 2280 என்றால் 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம், 2242 திருகு மட்டும் இருக்கும் லேப்டாப்பில் அது உட்காராது.

வாங்கியதை வீணாக்க வேண்டாம். யுஎஸ்பி என்குளோஷர் (எஸ்எஸ்டியைப் போடும் வெளிப் பெட்டி) ஒன்றில் போட்டு வெளி டிஸ்க்காக வைத்துக்கொள்ளுங்கள். ரியல்டெக் ஆர்டிஎல்9210பி சிப் உள்ளது என்றால் இரண்டு வகை எம்.2வும் போடலாம். உலோக உடலும் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேடும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பேட் இல்லாத பிளாஸ்டிக் பெட்டி ஒன்றுக்கு நானும் காசு கொடுத்திருக்கிறேன். பெரிய கோப்பு நகலெடுத்தால் சூடாகி நடுவிலேயே அறுந்துவிடும்.

போன வருஷம் வாங்கிய அதே பெயர், அதே மாடல் எஸ்எஸ்டியைத் தம்பிக்கும் வாங்கினேன். 200 ஜிபி நகலெடுத்தால் என்னுடையது ஒரே வேகத்தில் ஓடுகிறது. அவனுடையது கொஞ்ச தூரம் ஓடிவிட்டுத் தவழ்கிறது. போலியா? (கோவை)

போலியாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அசல் கம்பெனியே உள்ளிருக்கும் சிப்பை மாற்றிவிட்டு, பெயரையும் பெட்டியையும் அப்படியே விட்டிருக்கலாம். நான் கோபப்படாமல் பேச முடியாத விஷயம் இது, கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

புது மாடல் வந்ததும் கம்பெனி நல்ல சரக்கோடு விமர்சகர்களுக்கு அனுப்பும். புகழ்ந்து எழுதுவார்கள். சில மாதம் கழித்துச் சிப் விலை மாறும், உள்ளே மலிவானது வரும். விமர்சனம் மட்டும் இணையத்தில் அப்படியே நிற்கும், நாம் அதைப் படித்துவிட்டு வாங்குவோம். க்ரூஷியல் பி2 மாடல் டிஎல்சி சிப்போடு (ஒரு செல்லில் மூன்று பிட்) வந்து, 2021இல் அதே பெயரில், மலிவான, எழுத மெதுவான க்யூஎல்சிக்கு (நாலு பிட்) மாறியது. அதே ஆண்டு வெஸ்டர்ன் டிஜிட்டலின் எஸ்என்550யிலும் சிப் மாறி, கேஷ் (டேட்டாவை முதலில் வேகமாக வாங்கி வைக்கும் இடம்) நிரம்பிய பிறகான எழுதும் வேகம் குறைந்தது. விஷயம் வெளியே வந்த பிறகுதான் இனி இப்படி மாற்றினால் புது மாடல் எண் தருவோம் என்றார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, அதே கம்பெனி நாஸ் பெட்டிக்கென்றே (நெட்வொர்க்கில் இணைக்கும் சேமிப்புப் பெட்டி) விற்ற ரெட் ஹார்ட் டிஸ்க்குகளில் 2 முதல் 6 டிபி வரையான சிலவற்றில் சொல்லாமல் எஸ்எம்ஆர் முறையை (தடங்களை ஒன்றின் மேல் ஒன்று படிய எழுதுவது, மறுபடி எழுத மெதுவானது) புகுத்தியது அம்பலமானது. இப்போது அந்த வரிசையில் தடங்கள் படியாத சிஎம்ஆர் வேண்டுமென்றால் ‘ரெட் பிளஸ்’ என்று கேட்டு வாங்க வேண்டும்.

க்யூஎல்சி என்பதே குற்றம் இல்லை. சொல்லி விற்கட்டும். சாம்சங் 870 க்யூவிஓ 1 டிபியில் அதிகபட்சம் 42 ஜிபி வரைதான் வேகக் கேஷ், அது நிரம்பினால் எழுதும் வேகம் நொடிக்கு 80 எம்பி என்று கம்பெனியே அச்சடித்துத் தருகிறது. உங்கள் 200 ஜிபியை அதில் கொட்டினால் முதல் 42 ஜிபி ஒன்றரை நிமிடத்தில் போகும், மீதிக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதே கம்பெனியின் டிஎல்சி மாடலான 870 இவிஓவில் மொத்தமும் ஆறேழு நிமிடம். எழுதக்கூடிய மொத்த அளவுக்கான உத்தரவாதம் முன்னதற்கு 360 டிபி, பின்னதற்கு 600. தெரிந்து வாங்குகிறவர் ஏமாறவில்லை. உங்கள் தம்பி ஏமாற்றப்பட்டிருக்கலாம்.

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் இரண்டையும் வைத்து ஃபர்ம்வேர் எண்ணை ஒப்பிடுங்கள். வேறாக இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. எந்த எஸ்எஸ்டி வாங்கினாலும் ரிட்டர்ன் காலத்துக்குள், இன்னொரு வேகமான எஸ்எஸ்டியிலிருந்து 150 ஜிபியாவது ஒரே மூச்சில் நகலெடுத்து, வேகம் எங்கே விழுகிறது என்று டாஸ்க் மேனேஜரில் பாருங்கள். சின்னக் கோப்பு போட்டுப் பார்ப்பது சோதனையே ஆகாது.

ஹார்ட் டிஸ்க் சோதனையில் ‘சி7’ எண் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. டிஸ்க்கை மாற்றணுமா? (நாகர்கோவில்)

சி7 என்பது டேட்டா கேபிள் வழியே போகும்போது நேர்ந்த பிழைகளின் கணக்கு, முதலில் சாட்டா கேபிளை மாற்றுங்கள். கெட்டுப்போன பகுதிகளைக் காட்டும் 05, சி5, சி6 ஏறினால்தான் டிஸ்க்குக்குக் கேடு.

‘புதுசு’ என்று சென்னைக் கடையில் வாங்கிய 4 டிபி ஹார்ட் டிஸ்க், ஓடிய நேரம் 21,000 மணி என்று காட்டுகிறது. கடைக்காரர் ‘அப்படித்தான் சார் வரும்’ என்கிறார். (செங்கல்பட்டு)

வராது. 21,000 மணி என்றால் இரவு பகலாக இரண்டு வருடம் நாலே முக்கால் மாதம் எங்கோ உழைத்த டிஸ்க். புதியது ஒற்றை இலக்கத்தில் காட்ட வேண்டும். உங்களுக்கு விற்றவர் எண்ணை அழிக்கக்கூட மெனக்கெடவில்லை. 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில் வெளியான சீகேட் விவகாரத்தில், பழைய டிஸ்க்குகளின் எண்ணைப் பூஜ்யமாக்கிப் புதிதாக விற்றிருந்தார்கள். சீகேட் டிஸ்க்குகளில் ஓடிய நேரத்தைத் தனியே குறித்து வைக்கும் ‘ஃபார்ம்’ என்ற பதிவேடு உண்டு. டிஸ்க்கின் நிலையைப் பார்க்கும் இலவச மென்பொருளான ஸ்மார்ட்மான்டூல்ஸின் புதிய பதிப்பில் அதைப் பார்த்துத்தான் குட்டு வெளிப்பட்டது.

சீரியல் நம்பர் தெரியும்படி திரையைப் படம் எடுங்கள். பில்லில் அதே சீரியல் நம்பர் இருக்கிறதா பாருங்கள். பில்லை இன்றே நகலெடுங்கள், வெப்பத் தாள் பில் சில மாதத்தில் வெளுத்துப் போகும். கம்பெனித் தளத்தில் வாரண்டி எதுவரை என்று பார்த்து அதையும் சேர்த்து, கடைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். பதினைந்து நாள் பார்த்துவிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், வக்கீல் கட்டாயம் இல்லை. பில்லே வாங்கவில்லை என்று மட்டும் அடுத்த கடிதத்தில் எழுதிவிடாதீர்கள்.

போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க் கீழே விழுந்து ‘டக் டக்’ என்கிறது. மகள் கல்யாணப் படங்கள் அதில் மட்டும்தான் இருக்கின்றன. கழற்றி வேறு பெட்டியில் போட்டால் வருமா? (தஞ்சாவூர்)

கேபிளைப் பிடுங்குங்கள், மறுபடி செருகாதீர்கள். அந்தச் சத்தம் வரும்போது படிக்கும் தலை தட்டின் மேல் உரசிக்கொண்டிருக்கலாம். ஒவ்வொரு முயற்சியும் படங்களைச் சுரண்டும். ஃப்ரிட்ஜில் வைப்பதும் தட்டிப் பார்ப்பதும் வேண்டாம். பல போர்ட்டபிள் டிஸ்க்குகளில் யுஎஸ்பி துளை டிஸ்க்கின் போர்டிலேயே பற்றவைத்திருக்கும், கழற்றினால் சாட்டா முனையே இருக்காது. தூசியில்லா அறையில் திறந்து பார்க்கும் டேட்டா மீட்பு நிறுவனத்திடம் கொடுங்கள், கட்டணத்தை முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள். வாரண்டி புது டிஸ்க் தரும், படம் தராது. கல்யாணப் படத்துக்கு ஒரே பிரதியா? மண்டபத்துக்கு எவ்வளவு கொடுத்தீர்கள்?

டைப்-சி கேபிள் போட்டும் எஸ்எஸ்டி நொடிக்கு 40 எம்பிதான் போகிறது. (சேலம்)

கேபிள் சார்ஜ் செய்வதற்கானது, உள்ளே யுஎஸ்பி 2.0 கம்பிதான். முனை டைப்-சி என்பதால் வேகம் வந்துவிடாது. எஸ்எஸ்டியோடு வந்த கேபிளைப் போடுங்கள். புதிது என்றால் ‘10 ஜிபிபிஎஸ்’ என்று அச்சிட்டதாக வாங்குங்கள். என் டிராயரில் கிடப்பவற்றில் பாதி இந்த ரகம்தான், எல்லாம் காசு கொடுத்து வாங்கியவை.

நாலு கேமரா சிசிடிவிக்கு 1 டிபி எத்தனை நாள் வரும்? (ஓசூர்)

எச்.265 என்ற வீடியோ சுருக்கும் முறையில் கேமராவுக்கு 2 எம்பிபிஎஸ் (நொடிக்கு 2 மெகாபிட்) வைத்தால் நாளுக்குச் சுமார் 21.6 ஜிபி, நாலுக்கு 86. பதினோரு நாள். 4 எம்பிபிஎஸ் வைத்தால் அதில் பாதி. பர்ப்பிள், ஸ்கைஹாக் போன்ற கண்காணிப்பு ரகம் வாங்குங்கள்.

128 ஜிபி பென்டிரைவை டிவி கண்டுகொள்ளவில்லை. மாற்றிக் கேட்கலாமா? (திண்டுக்கல்)

பென்டிரைவ்மேல் தப்பில்லை. பெரிய பென்டிரைவ்கள் வருகிற எக்ஸ்ஃபேட் ஃபார்மட் பழைய டிவிக்குத் தெரியாது. ரூஃபஸ் மென்பொருளில் ஃபேட்32 ஆக ஃபார்மட் செய்யுங்கள். உள்ளே இருப்பது எல்லாம் அழியும், 4 ஜிபிக்கு மேற்பட்ட படம் ஏறாது.