காரில் விழுந்த சின்ன டென்ட்டை, அதாவது இடித்து உள்ளே போன பள்ளத்தை, வீட்டிலேயே எடுக்க முடியுமா? வெந்நீர், ரப்பர் பம்ப், ஹேர் டிரையர் எல்லாம் உண்மையிலேயே வேலை செய்யுமா?

நீங்கள் கேட்டிருக்கும் மூன்றையும் என் காரில் செய்து பார்த்துவிட்டேன். வெந்நீர் கைகொடுத்தது. பாத்ரூம் அடைப்பு எடுக்கும் ரப்பர் பம்ப் பாதி கைகொடுத்தது. ஹேர் டிரையரில் கரண்ட்தான் செலவு.

முதலில் டென்ட் எதில் விழுந்திருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலான கார்களில் பம்பர் பிளாஸ்டிக். கதவு, பானட், ஃபெண்டர் எல்லாம் இரும்புத் தகடு. விரலால் தட்டினாலே தெரியும். சந்தேகமாக இருந்தால் ஃப்ரிட்ஜில் ஒட்டும் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள்.

என் பின் பம்பர் அபார்ட்மென்ட் தூணில் இடித்து, தேங்காய் மூடியைக் கவிழ்த்து அழுத்தியது மாதிரி உள்ளே போய்விட்டது. இரண்டு கெட்டில் தண்ணீரைக் கொதிக்க வைத்தேன். மகன் மேலிருந்து மெதுவாக ஊற்ற, நான் வெந்நீர் வழியாத பக்கமாகப் படுத்து, தடித்த கையுறையோடு பம்பருக்குப் பின்னால் கையை விட்டுத் தள்ளினேன். முதல் கெட்டிலுக்கு அசையவில்லை. இரண்டாவது பாதி தீர்ந்தபோது ‘டொப்’ என்று வெளியே வந்தது. உடனே பச்சைத் தண்ணீர் ஊற்றினால் அந்த வடிவத்திலேயே இறுகிவிடும். பம்பர்கள் பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன் வகை. அது உருக 160 டிகிரிக்கு மேல் வேண்டும், ஆனால் கொதிநீரின் 100 டிகிரிக்கே நன்றாக இளகி வளையும். அதனால் தைரியமாகச் செய்யலாம். சைலன்சர் ஆறியிருக்க வேண்டும், பார்க்கிங் சென்சார் ஒயரைப் பிடித்து இழுத்துவிடக் கூடாது, அவ்வளவுதான். பம்பர் கிழிந்திருந்தால் இது உதவாது.

இதே வெந்நீரை இரும்புக் கதவில் ஊற்றினால் கார் சுத்தமாகும், வேறொன்றும் நடக்காது. ஹேர் டிரையரால் சூடேற்றிவிட்டு, கம்ப்யூட்டர் தூசி ஊதும் ஸ்பிரேயைத் தலைகீழாகப் பிடித்து அடித்துச் சட்டென்று குளிரவைத்தால் டென்ட் தானாகக் குதித்து வரும் என்று வீடியோக்களில் காட்டுகிறார்களே, அதையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து சென்டிமீட்டர் அகல எஃகுத் தகடு 60 டிகிரி சூடேறினாலும் விரிவது 0.1 மில்லிமீட்டர்கூட இல்லை. எப்போது வேண்டுமானாலும் வெளியே வரக் காத்திருக்கும் மேலோட்டமான பள்ளம் வேண்டுமானால் அதில் வரலாம். அதை ரப்பர் பம்பே எடுத்துவிடும். திடீர்ச் சூடும் திடீர்க் குளிரும் பெயிண்ட்டுக்குத்தான் ஆபத்து.

இனி இரும்பு. ஒரு நாள் மாலை பார்க்கிங்கில் எங்கள் தெரு டிங்கர் அண்ணன் சொல்லிக் கொடுத்த வித்தை இது: பளபளப்பாகத் துடைத்துவிட்டு, கதவில் டியூப்லைட்டின் பிம்பம் தெரியும்படி குனிந்து பாருங்கள். நேர்க்கோடாக இருக்க வேண்டிய வெளிச்சம் டென்ட் மேல் வரும்போது வளையும். மெதுவாக வளைந்து திரும்பினால் வீட்டில் முயற்சி செய்யலாம். வெடுக்கென்று முறிந்தால் அங்கே தகடு மடிந்து நீண்டுவிட்டது என்று அர்த்தம்; எவ்வளவு சின்னதாக இருந்தாலும் கை வைக்காதீர்கள். "அளவைப் பார்க்காதீங்க தம்பி, மடிப்பைப் பாருங்க" என்றார். அந்தக் காலத்தில் தெருவில் பித்தளைக் குடத்துக்கு ஒடுக்கு எடுக்க வந்தவர்களும் இதைத்தான் பார்த்திருப்பார்கள்.

அடுத்த விஷயம் எனக்கே ஆச்சரியம். பம்பில் வருவது அகலமான, ஆழமில்லாத டென்ட்தான், சின்னது வராது. காற்றழுத்தம் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோ. பத்து சென்டிமீட்டர் குறுக்களவுள்ள கப் அதிகபட்சம் எண்பது கிலோ அளவுக்கு இழுக்கும், ஐந்து சென்டிமீட்டர் கப் இருபதோடு நின்றுவிடும். நாணய அளவு பள்ளத்துக்கோ விசை அதிகம் வேண்டும். என் பின் கதவில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு உள்வாங்கியிருந்தது, பாத்ரூம் அடைப்பு எடுக்கும் பம்பின் விளிம்பை நனைத்து ஒட்டி, நேராகச் சுண்டிச் சுண்டி இழுத்ததில் நாலாவது இழுப்பிலேயே வந்துவிட்டது. ஓரத்தில் மெல்லிய வரம்பு ஒன்று மட்டும் மிஞ்சியது. பகலில் தெரியாது, டியூப்லைட்டில் தெரியும். அதைத்தான் பாதி என்றேன்.

வெற்றி தலைக்கேறி, சூடான பசையால் பிளாஸ்டிக் பொத்தானை ஒட்டி இழுக்கும் கிட் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். முன் கதவில் ஸ்கூட்டர் ஹேண்டில் குத்திய சின்னப் பள்ளம். ஒட்டி இழுத்தேன். பொத்தான் வந்தது, கூடவே எட்டணா அளவுக்குப் பெயிண்ட்டும் வந்தது. அடியில் இளஞ்சாம்பல் நிறத்தில் பட்டி, பள்ளத்தை நிரப்பப் பூசும் பசை! செகண்ட் ஹேண்ட் கார். முன்பே எப்போதோ இடித்து, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். அந்தக் காந்தத்தை அன்றைக்கே அங்கே வைத்துப் பார்த்திருந்தால் பிடி தளர்ந்திருப்பது தெரிந்திருக்கும். மறுபெயிண்ட் அடித்த இடத்தில் பசை கிட்டை எடுக்கவே எடுக்காதீர்கள். கம்பெனி பெயிண்ட் என்றால் பரவாயில்லை, ஆனால் பசையைப் பிய்க்காமல் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் சொட்டு விட்டுக் கழற்றுங்கள்.

பெயிண்ட் உடையாத டென்ட் துருப்பிடிக்காது, அதனால் அவசரமே இல்லை. கீறி இரும்பு தெரிந்தால் மட்டும் அன்றைக்கே டச்-அப் பெயிண்ட் வையுங்கள். மடிப்பு விழுந்ததற்கு, பெயிண்ட் அடிக்காமலே பின்னாலிருந்து கம்பியால் நெம்பி எடுக்கும் பி.டி.ஆர். ஆட்கள் பெரிய ஊர்களில் இருக்கிறார்கள். கதவு கண்ணாடி இறங்கும் சந்து வழியாகவே கம்பியை விட்டு, பொட்டுப் பொட்டாகத் தள்ளுவார்கள். பார்க்கவே அழகு. சிலதை அவர்களும் முடியாது என்பார்கள்.

இன்ஷூரன்ஸில் போட்டுக்கொள்ளலாமே என்று தோன்றும். நம் நாட்டில் ஒரு வருடம் க்ளெய்ம் இல்லாவிட்டால் சொந்த சேதத்துக்கான பிரீமியத்தில் 20 சதவீதம் தள்ளுபடி, ஐந்து வருடம் தொடர்ந்தால் 50 சதவீதம். அதைக் காக்கத் தனியாக ஆட்-ஆன் எடுக்காதவர்களுக்கு ஒரே க்ளெய்மில் அது பூஜ்யத்துக்கு வந்துவிடும். நான் அந்தக் கணக்கைப் போட்டுவிட்டு, எட்டணாப் புண்ணுக்கு டச்-அப் பெயிண்ட் வைத்ததோடு நிறுத்திக்கொண்டேன். பள்ளம் இன்னும் அப்படியே இருக்கிறது, ஸ்கூட்டரும் பக்கத்திலேயேதான் நிற்கிறது.